நாலாக வெட்டிய மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை மாலையில், மறுநாள் பள்ளிக்கான வேலையை முடித்துவிட்டு நான் மாத்திரை வெட்ட உட்காருவேன். கல்யாணமான புதிதிலிருந்தே அது என் வேலை. என் கணவர் பிரபு ஒரு கிண்ணத்தில் மாத்திரைகளைப் போட்டு எடுத்து வருவார். மேலே நீலப் பூச்சு, உள்ளே வெள்ளை. ஒவ்வொன்றையும் பாக்குவெட்டியில் வைத்து நாலாக வெட்டி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பேன். தினமும் ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்கொள்வார்.

"நான் வெட்டினா நொறுங்கிப் போவுது சுமதி. உன் கைதான் நிதானமான கை" என்பார்.

என்ன மாத்திரை என்று ஒருமுறை கேட்டேன். "சத்து மாத்திரை. முழுசாப் போட்டா சூடு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. திண்டிவனத்தில் பைக் ஷோரூம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். நாளெல்லாம் நின்றுகொண்டே பேசுகிற வேலை, உடம்புக்குச் சத்து வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வெட்டும்போது வெள்ளைத் தூள் விரலில் ஒட்டும். அதைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவேன். மாத்திரைகள் ஏன் எப்போதும் அட்டையிலிருந்து பிரித்த பிறகே என்னிடம் வருகின்றன என்ற கேள்வி என் மனதில் எழவே இல்லை.

கர்ப்பம் உறுதியானபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மாமியார் என்னைக் குனிந்து பெருக்கவிடவில்லை. நான் மாத்திரை வெட்டி முடித்ததும், "கையை சோப்புப் போட்டுக் கழுவிடும்மா" என்று ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துவார். சுத்தத்தில் அக்கறையுள்ள மாமியார் கிடைத்திருக்கிறாரே என்று அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாலாம் மாதம் முடிகிற சமயம், ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது புடவை நனைவது போலத் தெரிந்தது. சாக்பீஸை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். ரத்தம். கூட வேலை செய்யும் ஆசிரியை ஒருவர்தான் என்னை ஆட்டோவில் ஏற்றி ஊரிலிருந்த மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, விழுப்புரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பிரபு ஷோரூம் காரில் வந்தார். பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்து அவரே ஓட்டிக்கொண்டு போனார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அவர் ஹாரனை அடித்தபடியே இருந்தார். "ஜல்தி போங்கய்யா, உள்ள பேஷண்ட் இருக்காங்க!" என்று கத்தினார். திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

விழுப்புரம் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் என்னைச் சோதித்தார். ஐம்பது வயதிருக்கும். அவசரமே இல்லாத பேச்சு.

"குழந்தைக்குத் துடிப்பு நல்லா இருக்கு. பயப்படாத. நஞ்சுக்கொடி கர்ப்பப்பைக்குள்ள மேல் பக்கமா ஒட்டி இருக்கணும். உனக்கு கீழ, வாய்க்குப் பக்கத்துல ஒட்டியிருக்கு. அதனாலதான் ரத்தம். கர்ப்பப்பை பெருசாகப் பெருசாக அது பெரும்பாலும் மேல ஏறிடும். இப்போதைக்கு இங்கயே படுத்துக்கோ."

நாங்கள் ஐந்து பேர் இருந்த வார்டு அது. பக்கத்துக் கட்டிலில் கோட்டக்குப்பத்துக்காரர், மும்தாஜ் அக்கா. கர்ப்பத்தில் சர்க்கரை வந்து சேர்ந்திருந்தார். கணவர் வளைகுடாவில். தினமும் வீடியோவில் வந்து, "ஊசி போட்டியா? என்னா சாப்ட? தட்டைக் காட்டு" என்று கேட்பார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு தட்டைக் காட்டுவார். எனக்குத் தலையணை போதவில்லை என்று தெரிந்ததும் தன்னுடையதில் ஒன்றைக் கேட்காமலே என் காலுக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஒலக்கூரிலிருந்து என் அம்மா வந்தார். வழியில் திண்டிவனம் வீட்டில் இறங்கி, எனக்கு வேண்டிய துணிமணியையும், அலமாரியில் கண்ணில் பட்ட மருந்துகளையும் அள்ளிப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். கேப்பைக் கூழும், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலும் தூக்கில் இருந்தன. பத்தியம் என்று மருத்துவமனையில் எதுவும் சொல்லவில்லை. குடித்ததும் வயிறும் மனசும் குளிர்ந்தன.

நர்ஸ் வந்து, நான் வீட்டில் என்னென்ன மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன் என்று கேட்டார். அம்மா பையிலிருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டினார். இரும்புச் சத்து, ஃபோலிக் ஆசிட், கால்சியம். கூடவே அந்தச் சின்ன டப்பா.

"இது என்ன? வெட்டி வெச்சிருக்கீங்க?"

"என்னுது இல்ல சிஸ்டர். வீட்டுக்காரரோட சத்து மாத்திரை. நான்தான் வெட்டித் தருவேன்."

"சத்து மாத்திரையை யாரு நாலா வெட்டுவாங்க? பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மருத்துவரே வந்துவிட்டார். "உன் வீட்டுக்காரருக்குப் போன் போடு" என்றார்.

பிரபு போனில் முதலில் ஏதேதோ சொன்னார். மருந்து அட்டையை எடுத்துக்கொண்டு நேரில் வரும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். சாயங்காலம் வந்து, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். மருத்துவர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஃபினாஸ்டரைடு. வயசான ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கி, ஒண்ணுக்கு சரியாப் போகாம கஷ்டப்படுவாங்களே, அதுக்குக் கொடுக்கிற மாத்திரை. இதையே கம்மி அளவுல முடி கொட்டுறதுக்கும் கொடுப்போம். உங்க வீட்ல யாருக்கு ப்ராஸ்டேட்?"

யாருக்கும் இல்லை. மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். நான் பிரபுவைப் பார்த்தேன். அவருடைய தலைமுடி எப்போதும் போல அடர்த்தியாக, அழகாக வாரியிருந்தது.

"முடிக்குத்தான் மேடம்" என்றார் தரையைப் பார்த்தபடி. "முதல்ல டாக்டர் சின்ன மாத்திரைதான் எழுதிக் குடுத்தாரு. அப்புறம் ஃபிரெண்டு ஒருத்தன், பெரிய மாத்திரையை வாங்கி நாலா வெட்டிக்கோ, ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னான்."

"எழுதிக் கொடுத்த டாக்டர் எச்சரிக்கை ஏதும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல மேடம்."

மருத்துவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். ஆண்களின் உடம்பில் ஒரு ஹார்மோன் இருக்கிறது. அது இன்னொரு வீரியமான ஹார்மோனாக மாறும். இந்த மாத்திரை அப்படி மாறுவதைக் குறைக்கிறது. அதனால் ப்ராஸ்டேட் சுருங்கும், முடி கொட்டுவதும் குறையும். ஆனால் தாயின் வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தைக்குப் பிறப்புறுப்பு சரியாக உருவாக வேண்டுமென்றால் அதே ஹார்மோன்தான் வேண்டும். கர்ப்பிணியின் உடம்புக்குள் இந்த மருந்து போனால் அது கெடக்கூடும். முழு மாத்திரைக்கு மேலே பூச்சு இருப்பதால் சும்மா தொட்டால் பாதகமில்லை. உடைத்த மாத்திரையை, அதன் தூளை, கர்ப்பமாக இருக்கிறவர்களும் கர்ப்பத்தை எதிர்பார்க்கிறவர்களும் தொடவே கூடாது.

"இப்ப வந்த ரத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அதைத் தெளிவா வெச்சுக்கோ" என்றார். "விரல்ல ஒட்டின தூள் உள்ள போனா கொஞ்சமாத்தான் போயிருக்கும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா உறுப்பு உருவாகிற மாசங்கள்ல நீ வெட்டியிருக்க. ஆகவே ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"பொண்ணா இருந்தா?"

"பொண்ணா இருந்தா அந்தப் பயம் இல்ல."

"ஸ்கேன்ல பாத்து..." என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன். எதிர்ச் சுவரிலேயே பலகை இருந்தது. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம், சொல்வது சட்டப்படி குற்றம் என்று. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். பெண் குழந்தைகளைக் காப்பாற்ற வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பிரசவம் வரை நான் தெரியாமலேயே சுமக்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது.

பிரபு அன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "முடிக்கு மாத்திரைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சுமதி. ஷோரூம்ல மொட்டைத் தலையோட நின்னா எவன் மதிப்பான்? இப்படி ஆகும்னு எனக்குத் தெரியவே தெரியாது." நான் அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். தெரியாமல் செய்ததுதானே. என் அப்பாவுக்கு முப்பது வயதிலேயே வழுக்கை. முடியில்லாத மனிதரை அம்மா எத்தனை பிரியமாக வைத்துக்கொண்டிருந்தார் என்று பார்த்து வளர்ந்தவள் நான். முன்பே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதைச் சொன்னதும் இன்னும் அதிகமாக அழுதார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மாமியார் என்னைப் பார்க்க வந்தார். அம்மா கேன்டீனுக்குப் போயிருந்தார். மாமியார் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"புள்ள ரெண்டு நாளா சோறே துன்னல. ஆம்பள முடி கொட்டுதுன்னு மாத்திரை போடறது ஒரு குத்தமா? பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி அவன் தலை எப்டி இருந்துச்சு தெரியுமா? உச்சி எல்லாம் தெரிஞ்சுது. மாத்திரை போட்டுத்தான் வந்துச்சு."

"அத்தை, உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியாம என்ன? மாசமா இருக்கிறவங்க வெட்டின மாத்திரையைத் தொடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னதா நீ மாசமானதுமே வந்து சொன்னான். என்னாம்மா பண்றது, திடீர்னு வேணான்னா அவ ஏன்னு கேப்பாளேன்னான். நான்தான், பரவால்லடா, கையைக் கழுவிக்கச் சொல்றேன்னேன். மறக்காம சொல்லிக்கினு இருந்தனா இல்லியா?"

ஆரஞ்சுச் சுளை என் வாயிலேயே இருந்தது. மெல்ல முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பார்வையாளர் நேரத்தில் பிரபு வந்தார். மும்தாஜ் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நடக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார்.

"டாக்டர் உங்ககிட்ட சொல்லியிருக்காரு" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். "யாரு, அம்மா சொன்னாங்களா?"

"சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு. அப்ப நமக்குக் கல்யாணமே ஆகல சுமதி. காதுல வாங்கிக்கினு விட்டுட்டேன்."

"நான் மாசமானதும் ஞாபகம் வந்துச்சு. அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க. அதுக்கப்புறமும் கிண்ணத்தைக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சீங்க."

"அவ்ளோ தூரம் யோசிக்கல. நிறுத்தினா ஏன்னு கேப்ப. அப்புறம் எல்லாத்தையும் சொல்லணும். பேஜாரு. கையில கொஞ்சூண்டு தூள் பட்டா என்னா ஆயிடும்னு..."

"நீங்களே வெட்டியிருக்கலாமே?"

நொறுங்கிப் போகும் என்று சொல்லப் போகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் முன்னால்தான் என் காலைப் பிடித்துக்கொண்டு தெரியவே தெரியாது என்று அழுதவர். நான் தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். ரத்தம் வந்ததைவிட, நஞ்சுக்கொடி கீழே ஒட்டியிருந்ததைவிட, அந்தத் தடவல்தான் எனக்கு அவமானமாக இருந்தது.

ரத்தம் நின்றதும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பிரபுவோடு பேசாமல் ஒலக்கூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அம்மாதான் கூட்டி வந்தார். குழந்தையின் ஒவ்வொரு உறுப்பாகப் பார்க்கிற ஸ்கேன் அது. காத்திருக்கும் இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்தது. ஸ்கேன் மருத்துவர் கருவியை வயிற்றில் நகர்த்த நகர்த்த, நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு கருவியைக் கீழே நகர்த்தினார். அவர் புருவம் அசைந்ததா? ஏன் ஒரே இடத்தில் நிற்கிறார்? கேட்கவும் முடியாது, கேட்டால் அவர் சொல்லவும் கூடாது.

"எல்லாம் நல்லா இருக்குதும்மா" என்றார். அந்த 'எல்லாம்' என்பதில் எது எது அடங்கும் என்று யோசித்தபடியே பேருந்தில் ஊர் திரும்பினேன். நஞ்சுக்கொடி மேலே ஏறத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார்கள். அது காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை.

மாமியார் ஆண் பிள்ளை வேண்டிக் கோயில் கோயிலாகப் போனார். நான் பெண்ணாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். வயிற்றில் ஆண் பிள்ளை இருந்தால் அது என் வேண்டுதலைக் கேட்டுக்கொண்டிருக்குமே என்று நினைத்து அழுதிருக்கிறேன். அம்மா எதுவும் கேட்க மாட்டார். என் விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்து எண்ணெய் தடவி நீவி விடுவார்.

பிரசவம் விழுப்புரத்திலேயே நடந்தது. சிசேரியன் தேவைப்படவில்லை. குழந்தையின் அழுகை கேட்டது. "ஆம்பளப் புள்ள" என்றார் நர்ஸ். எல்லோரும் சந்தோஷப்படுகிற அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தேன்.

"பாத்துட்டீங்களா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

என் மருத்துவர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் குழந்தைகள் மருத்துவர் வந்திருந்தார். என் பக்கத்திலேயே குழந்தையைக் கிடத்தித் துணியை விலக்கினார். "நீயே பாரும்மா. சிறுநீர் வர்ற துளை நுனியில சரியா இருக்கு. விதை ரெண்டும் கீழ இறங்கியிருக்கு. ஒரு குறையும் இல்ல." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் அவர் கையில் சிறுநீர் கழித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய்விட்டு அழுதேன்.

பிரபு லட்டுப் பெட்டியோடு வந்தார். குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "பாத்தியா? ஒண்ணும் ஆகல. வீணா இத்தினி மாசம் பேசாம இருந்துட்ட" என்றார்.

"ஒண்ணும் ஆகலன்னு டாக்டர் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது" என்றேன்.

குழந்தைக்கு ஏழு மாதமானபோது திண்டிவனம் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா கவலைப்படக் கூடாது என்பதற்காகவும், வேலைக்காகவும், உண்மையைச் சொன்னால் பிரபு மேல் மிச்சமிருந்த ஆசைக்காகவும். இனி எதையும் மறைக்க மாட்டேன் என்று குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. மருத்துவர் எழுதித் தந்த அளவிலேயே முழு மாத்திரையாக வாங்கி, தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் என் மருத்துவரிடம் கேட்டுக் கேட்டு அந்த மருந்தைப் பற்றித் தெரிந்துகொண்டிருந்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன். ப்ராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற சோதனை எடுத்தால், இந்த மாத்திரை போடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும், வளர்கிற புற்றுநோய்கூட அதனால் கவனிக்கப்படாமல் போகலாம். சிலருக்கு ஆசை குறையும், மனச்சோர்வு வரும். வந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதைப் போட்டுக்கொள்கிறவர்கள் ரத்த தானம் செய்யக் கூடாது. நிறுத்தினாலும் எப்போது கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் என்பதே காரணம். இதையும் வீட்டில் பிரபுவிடம் சொல்லியிருந்தேன். "ஓ, அப்டியா" என்று கேட்டுக்கொண்டார்.

ஷோரூமின் ஆண்டு விழா வந்தது. அதையொட்டி ரத்த தான முகாம் வைத்திருந்தார்கள். அன்று மதியம் பள்ளியில் இருந்தபோது அவர் போனில் ஒரு படம் அனுப்பினார். படுக்கையில் சாய்ந்து, கையில் ரப்பர் பந்தைப் பிடித்தபடி, புன்னகையோடு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைமுடி நன்றாக வாரியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மாத்திரை போடறதைச் சொன்னீங்களா?"

"கேட்டாங்க. பசங்க எல்லாம் சுத்தி நின்னுக்கினு இருந்தாங்க. மேனேஜர் வேற. அத்தினி பேரு முன்னாடி முடிக்கு மாத்திரை போடறேன்னு எப்டி சொல்றது? ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

"யாராச்சும் மாசமா இருக்கிற பொண்ணுக்கு அதை ஏத்தினா?"

"நீயுந்தான் மாசமா இருக்கும்போது தொட்ட, உனக்கு என்னா ஆச்சு? ஒண்ணும் ஆகலல்ல?"

அவருடைய கொடையாளர் அட்டை மேசைமேல் கிடந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண்ணிடம் அவர் பெயரையும் முகாம் நடந்த இடத்தையும் மருந்தின் பெயரையும் சொன்னேன். கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு வந்து, அந்தப் பை இன்னும் வெளியே போகவில்லை, எடுத்துத் தனியே வைத்துவிட்டோம், யாருக்கும் ஏற்ற மாட்டோம் என்றார். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா" என்றும் சொன்னார்.

பிரபு கூடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னை அசிங்கப்படுத்திட்ட இல்ல?" என்றார். அவருக்கு அதுதான் வலித்தது. அந்த முகம் தெரியாத பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நான் குழந்தைக்குச் சட்டை மாற்றினேன். மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்று, "எங்கம்மா கெளம்பிட்ட?" என்று கேட்டார். "அம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை" என்றேன். ஒலக்கூர் வண்டி கிளம்ப நேரமிருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் காத்திருக்காமல், பேருந்து நிறுத்தத்தில் போய் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.